அம்மாவும் சீனாக்காரன் கடையும்

"வெள்ளிக்கிழமை வேண்டாம், செவ்வாய்க்கிழமை வேண்டாம், அமாவாசை வேண்டாம். மத்த நாளு எப்ப வேணா கூட்டிட்டுப் போ."

மூன்று மாதம் கேட்டபிறகு அம்மா கொடுத்த சம்மதம் இது. நான் கூப்பிட்டது கோயிலுக்கோ ஆஸ்பத்திரிக்கோ இல்லை. சேலம் அழகாபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில், ஒரு சந்துக்குள் இருக்கிற கொரிய-தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடைக்கு. தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் அதற்குப் பெயர் 'சீனாக்காரன் கடை'. கடைக்காரர் ஓமலூர்க்காரர். ஸ்டாண்டு அண்ணனிடம் இதை இரண்டு தடவை எடுத்துச் சொன்னேன். "தெரியும்க்கா, நம்ம ஓமலூர்ப் பையன்தானுங்க" என்றார். மூன்றாவது தடவை கேட்டபோதும் "சீனாக்காரன் கடைக்கா? ஏறுங்க" என்றார். விட்டுவிட்டேன்.

கடையின் உண்மைப் பெயரை எழுதப் போவதில்லை. சில பதார்த்தங்களைத் திட்டப் போகிறேன், அதனால்.

ஒரு வீட்டின் கார் ஷெட்டும் முன்னறையும்தான் கடை. ஷெட்டில் மூன்று மேஜை, உள்ளே இரண்டு. இருபது பேர் உட்கார்ந்தால் இருபத்தோராவது ஆள் வேப்பமரத்தடியில் பைக்மேல் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். மேஜைக்கு நடுவில் அடுப்பு, மேலே புகை இழுக்கும் குழாய் என்று சீரியல்களில் பார்க்கிற ஆடம்பரம் எதுவும் இல்லை. சுவரில் செவ்வாய்ப்பேட்டை கொலுசுக் கடை ஒன்றின் காலண்டர். அதற்குப் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் ஸ்கெட்ச் பேனாவில் எழுதிக் கொடுத்த கொரிய எழுத்து. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இது கொரிய வழக்கமா என்று முதல் நாள் கேட்டேன். "வீட்டு ஓனர் வழக்கமுங்க்கா" என்றார் கடைக்காரர்.

அவர் ஒரகடம் பக்கம் ஒரு விடுதி மெஸ்ஸில் ஒன்பது வருஷம் இருந்தவர். ஹூண்டாய் 1990களின் பின்பாதியில் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்ததிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கொரியச் சாப்பாட்டுக்கென்றே ஒரு தனி உலகம் முளைத்திருக்கிறது. அந்த உலகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவத் தொடங்கி, காய் நறுக்கி, கடைசியில் அடுப்புக்கு வந்தவர். சொல்லிக் கொடுத்தது மெஸ்ஸை நடத்திய ஒரு கொரிய அம்மாள். 'அஜும்மா' என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார். நடுவயதுப் பெண்களைக் கொரியாவில் அப்படிக் கூப்பிடுவார்கள். நாம் அக்கா, அத்தை என்பதுபோல. அவர் மனைவி ஏற்காட்டுப் பெண். பெங்களூரில் ஒரு பெரிய ஹோட்டலின் தாய் கிச்சனில் வேலை பார்த்தவர். கல்யாணம் ஆயிற்று, சேலத்துக்கு வந்தார்கள், யார் சமையலை விடுவது என்று முடிவாகவில்லை. பலகையில் 'ஃபியூஷன்' என்று எழுதியிருப்பதற்குப் பின்னால் உள்ள தத்துவம் மொத்தமும் இதுதான்.

முதல் தடவை போனபோது எனக்குப் பிடிக்கவில்லை. பலகையில் சாக்பீஸால் 'இன்றைய ஸ்பெஷல்' என்று போட்டிருந்த கிம்ச்சி கிரீன் கறியை வாங்கினேன். தேங்காய்ப்பாலில் எலுமிச்சைப்புல்லும் துளசியும் போட்ட பச்சைக் குழம்பு. அதில் கிம்ச்சி, அதாவது புளித்த கோஸ். பால் திரிந்தது மாதிரி ஒரு தோற்றம். வாயில் வைத்தால் துளசி வாசம் வருவதற்குள் பூண்டும் புளிப்பும் வந்து கதவைச் சாத்திவிட்டன. பாதியில் கை நின்றுபோயிற்று. பில் கொடுக்கும்போது அந்த அம்மணி, "எப்படியிருந்துச்சுங்க்கா?" என்று கேட்டார். நான் கணக்கெழுதுகிற பிழைப்பு பார்ப்பவள்; கூட்டிக் குறைத்துச் சொல்ல வராது. "தனித்தனியாக் குடுத்திருந்தா ரெண்டையும் சாப்பிட்டிருப்பேன்" என்றேன். அவர் திரும்பிச் சமையல்கட்டைப் பார்த்துச் சொன்னார்: "கேட்டுக்கிட்டீங்களா?"

அதற்கப்புறம்தான் அடிக்கடி போக ஆரம்பித்தேன்.

கலப்பு எனக்குத் தீட்டில்லை. அசல் என்று மார்தட்டுகிற பதார்த்தங்களைக் கொஞ்சம் சுரண்டினால் உள்ளே கலப்புதான் இருக்கும். பாட் தாய் என்கிற பெயரிலேயே நாட்டின் பெயர் இருக்கிறது. ஆனால் அது சீனத்து நூடுல்ஸ் வறுவலின் பிள்ளை. 1938லிருந்து 1944 வரை ஆண்ட தாய்லாந்துப் பிரதமர் பிபுன் சொங்க்ராமின் அரசு, தேசிய உணர்வை வளர்க்கிறேன் என்று அதை ஊரெல்லாம் பரப்பியது. கொரியாவின் 'பூதே ஜிகே' 1950-53 போருக்குப் பிறகு அமெரிக்க ராணுவ முகாம்களில் மிஞ்சிய டப்பா இறைச்சியையும் சாசேஜையும் கிம்ச்சியோடு போட்டுக் கொதிக்கவைத்தது. மிளகாயை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் கப்பலில் ஆசியாவுக்கு வந்த சரக்கு. அது வராவிட்டால் கிம்ச்சி வெள்ளையாக இருந்திருக்கும், நம் குழம்பில் மிளகுதான் காரம்.

அதனால் என் மறுப்பு கலந்ததற்காக இல்லை. இரண்டு சமையலும் எதை நம்பி நடக்கின்றன என்று பார்க்காமல் கலந்ததற்காக.

கொரியச் சமையல் ஜாடியை நம்புகிறது. சோயாவை வேகவைத்து இடித்துக் கட்டிபிடித்துத் தொங்கவிட்டு, உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறவிட்டு எடுக்கிற தோயென்ஜாங், மிளகாய்ப் பொடியும் அரிசி மாவும் சேர்த்துப் புளிக்கவைத்த கோச்சுஜாங், கிம்ச்சி. எல்லாம் முன்னமே செய்து முடிந்தவை. அடுப்பில் நடப்பது கடைசி வேலை மட்டும். தாய் சமையல் உரலை நம்புகிறது. எலுமிச்சைப்புல், பேரரத்தை, பச்சை மிளகாய், மல்லி வேர் எல்லாவற்றையும் அப்போதே இடித்து அப்போதே போட்டு, வாசம் பறப்பதற்குள் இலையில் வந்துவிட வேண்டும். ஒன்றில் காலம் உள்ளே போயிருக்கிறது. மற்றதில் காலம் போகவே கூடாது. இரண்டுக்கும் பொதுவாக நெத்திலியை உப்பில் ஊறவைத்து வடித்த மீன் சாறு இருக்கிறது; தாய்லாந்தில் 'நாம் ப்ளா', கொரியாவில் 'எக்ஜோத்'. ஆனால் அந்த ஒரு உறவை வைத்துக்கொண்டு சம்பந்தம் பேச முடியாது.

நம் சமையல்கட்டிலும் ஜாடி உண்டு, அம்மி உண்டு. ஆனால் ஆவக்காயைப் பொதினாத் துவையலில் போட்டு யாரும் அரைப்பதில்லை. இலையில் அதற்கு ஒரு மூலை, இதற்கு ஒரு மூலை. விரல்தான் எதை எதோடு சேர்ப்பது என்று முடிவு செய்யும். கொரியர்களின் 'பாஞ்சான்' இதேதான்: சோற்றைச் சுற்றி சின்னச் சின்னக் கிண்ணங்கள், தீரத்தீர வைப்பார்கள், அதற்குக் காசு கிடையாது. சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. தட்டுவடை செட்டைத் தின்று வளர்ந்தவர்கள் நாம். ஒரு தட்டுவடை, அதன்மேல் சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி, பீட்ரூட் துருவல், கேரட் துருவல், வெங்காயம், மேலே இன்னொரு தட்டுவடை. எல்லாம் வாய்க்குள் போனபிறகுதான் ஒன்றாகும். யாரும் அதை மிக்ஸியில் போட்டு அடித்துத் தருவதில்லை. நொறுக்கல் என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். அதிலும் வடை நொறுங்கும், கரையாது.

இதையெல்லாம் கடைக்காரரிடம் ஒரே மூச்சில் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். நாலைந்து மாதத்தில் துண்டுதுண்டாகச் சொன்னது. அவராகவே வந்தடைந்த முடிவும் அதுவாகத்தான் இருந்தது. வியாபாரம் சொல்லிக் கொடுத்திருக்கும். கிம்ச்சி கிரீன் கறி பலகையிலிருந்து போய்விட்டது. இப்போது ஒரு தட்டு இருக்கிறது: நடுவில் சோறு, ஒரு கிண்ணம் தாய் குழம்பு, நான்கு சின்னக் கிண்ணங்களில் கிம்ச்சி, வேர்க்கடலைத் தூள் தூவிய வெள்ளரி, எள்ளெண்ணெய் ஊற்றிய கீரை, ஒரு துவையல். கிண்ணம் காலியானால் அந்த அம்மணி கேட்காமலே நிரப்புவார். சாப்பிடும்போது முதுகுக்குப் பின்னால் வந்து நின்று கேட்காமல் போடுகிற பந்தி விசாரிப்பு அது. 220 ரூபாய்.

கிம்ச்சிக்கு இங்கே ஒரு தனிக் கதை இருக்கிறது. கொரியாவில் பனி தொடங்குமுன் குடும்பமும் அக்கம்பக்கமும் கூடி மூட்டைமூட்டையாகக் கோஸை உப்பிலிட்டு, மசாலா தடவி, ஜாடியில் அடைத்து மண்ணில் புதைப்பார்கள். 'கிம்ஜாங்' என்று பெயர். 2013ல் யுனெஸ்கோ அதைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. இப்போது நகரத்து வீடுகளில் கிம்ச்சிக்கென்றே தனி ஃப்ரிட்ஜ் இருக்கிறது. மெதுவாகப் புளிக்க வேண்டும் என்பதுதான் விஷயம். குளிரில் வாரக்கணக்கில் புளித்தால் ஒரு ருசி; சூட்டில் ஒரே நாளில் பொங்கினால் கோஸ் துவண்டு வெறும் புளிப்பு மிஞ்சும். சேலத்துச் சித்திரை வெயிலை யோசித்துப் பாருங்கள். காலையில் போட்ட கிம்ச்சி மறுநாள் காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நிற்கும்.

முதல் வருஷக் கோடையில் மூன்று டப்பா கொட்டினார்களாம். பிறகு அந்த அம்மணிக்கு யோசனை வந்தது. அம்மா வீடு ஏற்காட்டில் இருக்கிறதே. கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் மேலே. கோஸும் முள்ளங்கியும் உப்பும் மிளகாய்ப் பொடியும் மலைக்குப் போயின. காபி எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்ந்த அவருடைய அம்மா, மகள் சொல்லிக் கொடுத்தபடி செய்கிறார். அரிசி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்து, அதில் மிளகாய்ப் பொடி, பூண்டு, இஞ்சி, உப்பு இறால் கலந்து இலை இலையாகத் தடவுவது. கஞ்சி காய்ச்சுகிற இடம் வந்ததும் அவருக்குப் பயம் போய்விட்டதாம். "கூழ் வடாத்துக்குக் கிண்டற மாதிரிதானே" என்றாராம். பின்கட்டு அறையில் நாலைந்து நாள் இருந்தபிறகு டப்பாக்கள் பஸ் ஏறிக் கீழே வருகின்றன.

இருபது கொண்டை ஊசி வளைவு. ஒரு தடவை டப்பா மூடி சரியாக இறுகவில்லை. பதினைந்தாவது வளைவிலா பதினாலாவதிலா என்று தெரியாது, சீட்டுக்கு அடியிலிருந்து பூண்டு மணம் எழுந்து பஸ் முழுக்கப் பரவியிருக்கிறது. ஏற்கெனவே தலை சுற்றிக்கொண்டிருந்த ஒரு டூரிஸ்ட் குடும்பம் ஜன்னலுக்குப் போய்விட்டது. கண்டக்டர் வந்து, "என்னம்மா கொண்டு போறீங்க?" என்று கேட்க, பாட்டி, "ஊறுகா தம்பி, ஜப்பான் ஊறுகா" என்று சொல்லியிருக்கிறார். ஆட்டோ ஸ்டாண்டில் சீனா, பஸ்ஸில் ஜப்பான். கொரியாவுக்கு எங்கள் ஊரில் ராசி இல்லை.

மலையிலிருந்து வருவது கிம்ச்சி மட்டும் இல்லை. எலுமிச்சைப்புல் அந்தப் பாட்டி வீட்டுக் கொல்லையில் வளர்கிறது. டோம் யம் சூப்பில் போடுகிற அந்த இரட்டை இலை, கொளுமிச்சை வகை, இங்கே கிடைக்காதபோது நாரத்தை இலையைக் கிழித்துப் போடுகிறார்கள். அசலைச் சாப்பிட்டவர்கள் முகத்தைச் சுளிக்கலாம். எனக்கு அந்தச் சூப்பின் ஆவி முகத்தில் பட்டதும் தஞ்சாவூர்த் தோழி வீட்டு வேப்பிலைக்கட்டி ஞாபகம் வந்தது. பெயரில்தான் வேப்பிலை, இடிப்பது நாரத்தை இலையையும் எலுமிச்சை இலையையும். டோம் யம் குங் 2024ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வேப்பிலைக்கட்டிக்காக யார் மனுப் போடுவது?

இந்த மாதிரி ஒப்பிடத் தொடங்கினால் நிறுத்த முடியாது என்பதற்குப் பக்கத்து மேஜைப் பெரியவர் சாட்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரனோடு வந்திருந்தார். கொரியாவில் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள் என்று ஆரம்பித்து, கொரியாவின் ஆதி ராணியே நம்ம ஊர்ப் பெண் என்று முடித்து, கடை முழுக்கக் கேட்கிற குரலில் பாடம் நடத்தினார். பேரன் ராம்யான் நூடுல்ஸை விட்டுத் தலை நிமிரவில்லை. ராணி கதையைக் கொரிய நூல் ஒன்று சொல்கிறது. அவர் வந்த 'ஆயுதா' எந்த ஊர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஆனால் பெரியவர் தாய்லாந்துப் பக்கம் போகவே இல்லை, எனக்கு அதுதான் வருத்தம். பாங்காக்கில் அரசவைப் பிராமணர்கள் நடத்துகிற த்ரியம்பவாய்-த்ரிபவாய் சடங்கின் பெயர் நம்முடைய திருவெம்பாவை, திருப்பாவையிலிருந்து போனது. அதற்காக நட்ட மாபெரும் ஊஞ்சல் கம்பம் இன்னும் நகரத்து நடுவில் நிற்கிறது. ஊஞ்சல் ஆடுவதை 1935ல் நிறுத்திவிட்டார்கள். எழுந்துபோய்ச் சொல்லலாமா என்று பார்த்தேன். தட்டில் தொக்பொக்கி ஆறிக்கொண்டிருந்தது. சொல்லவில்லை.

அம்மாவைக் கூட்டிப்போனது மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. தம்பி பெண்டாட்டியும் வந்தாள், நாலு மாதம். மூன்று பேரும் உள்ளறையில் காலண்டருக்குக் கீழே உட்கார்ந்தோம். அம்மா மேஜையைத் தடவிப் பார்த்துக் கையை மோந்துகொண்டாள். உலோகக் குச்சிகளை எடுத்து, "இதென்ன, கோலூசியா?" என்று கேட்டுக் கீழே வைத்தாள். கடைக்கார அம்மணி ஸ்பூன் கொண்டுவந்தார். "கையில சாப்புடலாமுங்களா?" என்றாள் அம்மா. "சாப்புடுங்கம்மா, எங்கூட்டுலயும் கையிலதான்."

முதலில் சோம் தாம் வந்தது. பூண்டு, மிளகாய், வறுத்த கடலை, பனைவெல்லம், எலுமிச்சை எல்லாம் உரலில் லேசாக இடித்து, அதில் நீளநீளமாகச் சீவிய காயைப் போட்டுப் புரட்டுவது. தம்பி பெண்டாட்டி கையை நீட்டினாள். அம்மா தட்டை இழுத்துக்கொண்டாள்.

"இதென்ன காயி?"

"பப்பாளிக்காய்ங்கம்மா."

அவ்வளவுதான். தட்டு மேஜையின் அந்தப் பக்கக் கோடிக்குப் போய்விட்டது. தாய்லாந்தில் எல்லாரும் தினம் சாப்பிடுகிறார்கள் என்று நான் வாயைத் திறந்தேன். "அங்க சாப்புடட்டும்" என்றாள். கடைக்கார அம்மணி ஒருமுறை தம்பி பெண்டாட்டியைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, தட்டை எடுத்துக்கொண்டு போனார். உள்ளே உரல் சத்தம் கேட்டது. திரும்பி வந்த தட்டில் பப்பாளிக்குப் பதில் கிளிமூக்கு மாங்காய். தாய்லாந்திலும் மாங்காயில் இப்படிச் செய்வதுண்டு, பெயர்கூட இருக்கிறது. அதை நான் சொல்வதற்குள் நாலு மாதக்காரி பாதித் தட்டை முடித்திருந்தாள்.

தொக்பொக்கி வந்ததும் அம்மா ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினாள். "கொழுக்கட்டைய எதுக்குச் செகப்புக் கொழம்புல போட்டிருக்காங்க?" சரிதான். அரிசி மாவை வேகவைத்து இடித்து உருட்டிய குழல்கள். பழைய நாளில் சோயா சாறில் புரட்டிய அரண்மனைப் பண்டம். இந்தச் சிவப்பு அவதாரம் 1953ல் சியோலின் சிந்தாங்தோங் பகுதியில் ஒரு தெருக்கடையில் பிறந்ததாகச் சொல்வார்கள். இங்கே கோச்சுஜாங் குழம்பில் சர்க்கரை எப்போதும் ஒரு பிடி அதிகம். டியூஷன் முடிந்து வருகிற பிள்ளைகளுக்காக என்கிறார் கடைக்காரர். நான் இதை எழுதுவது அவர் படிப்பார் என்பதற்காகவும்தான்: தம்பி, சர்க்கரையைக் குறையுங்கள். பிள்ளைகள் பழகிக்கொள்வார்கள்.

ஜாப்சேதான் அம்மாவைப் பிடித்து நிறுத்தியது. பளபளவென்று கண்ணாடி மாதிரி இருக்கிற நூடுல்ஸ். ஒரு இழையை எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டினாள், இழுத்தாள், வெளிச்சத்தில் பிடித்தாள், பிறகுதான் வாயில் போட்டாள்.

"இது அரிசி இல்ல. கோதும இல்ல. கெழங்கு மாவு."

கடைக்காரர் சமையல்கட்டு வாசலுக்கு வந்துவிட்டார். "சக்கரவள்ளிக் கிழங்குங்கம்மா. எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"

அம்மாவுக்கு இதைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால்தான் அதிசயம். அப்பா ஆத்தூர் ரோட்டில் ஒரு சேகோ, அதாவது ஜவ்வரிசி, ஃபேக்டரியில் முப்பது வருஷம் இருந்தார். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, தோலுரித்து அரைத்து, பாலெடுத்து, தொட்டியில் படியவிட்டு, படிந்த மாவை உடைத்துக் குலுக்கி உருண்டையாக்கி, சூட்டில் வாட்டி, களத்தில் காயப்போடுகிற வேலை. கல்யாணமான புதிதில் அம்மாவும் களத்துக்குப் போயிருக்கிறாள். அதற்கெல்லாம் முந்தைய நாளில் ஜவ்வரிசி என்றால் மலேயாவிலிருந்து வருகிற பனைமரத்துச் சரக்கு. இரண்டாம் உலகப் போரில் அது நின்றுபோனதும் 1940களில் சேலத்துக்காரர்கள் மரவள்ளி மாவில் அதைச் செய்யப் பழகினார்கள். போலி செய்யப் போய் அதுவே அசலாகிவிட்டது. 1981ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மரவள்ளி மாவு ஏற்றுமதியில் உலகத்துக்கே முதலாளி தாய்லாந்து. ஃபேக்டரி முதலாளிகள் 'தாய்லாந்து மாவு' என்கிற வார்த்தையை என் எதிரில் எப்படி உச்சரிப்பார்கள் என்பதைக் கணக்கெழுதுகிற நான் அறிவேன். அச்சில் போட முடியாது.

அதனால் கடைசியில் இனிப்புக் கிண்ணம் வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தேங்காய்ப்பாலில் ஜவ்வரிசி. தாய்லாந்தில் 'சாக்கூ' என்பார்கள். கடைக்காரர் வாங்குவது லீ பஜாரில், நம் ஊர்ச் சரக்கு. பெயர் மட்டும்தான் கடல் தாண்டியது. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுருக்கினாள்.

"பாயசத்துல உப்பு வுழுந்துருச்சு தம்பி."

"உப்பு போடறதுதானுங்கம்மா அங்க வழக்கம். தேங்காய்ப்பாலுக்கு."

"வழக்கமா?" என்று இன்னொரு வாய் வைத்தாள். மூன்றாவது வாய்க்கு அப்புறம், "அவங்க வழக்கம் அவங்களுக்கு" என்றாள். கிண்ணம் காலி. நானும் சொல்லிக்கொள்கிறேன்: அந்த உப்புதான் அதைப் பாயசத்திலிருந்து காப்பாற்றுகிறது.

மாம்பழச் சோறு சாப்பிட வயிற்றில் இடமில்லை. ஆனால் அது பற்றி ஒரு சண்டை பாக்கியிருக்கிறது. ஒட்டும் அரிசியை ஊறவைத்து ஆவியில் வேகவைத்து, தேங்காய்ப்பால் ஊற்றி, பக்கத்தில் பழத் துண்டு வைப்பது. ஒட்டரிசி கிடைக்காத வாரங்களில் இவர்கள் கருப்புக் கவுனியில் செய்கிறார்கள். எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும். பழம்தான் தகராறு. கடைக்காரர் செந்தூரா வைக்கிறார், விலை கட்டுப்படியாகிறது என்று. சேலத்தில் கடை வைத்துக்கொண்டு, மே மாதத்தில், ஏற்காடு அடிவாரத்தில் இமாம் பசந்த் குவிந்து கிடக்கும்போது செந்தூரா வைப்பதா? ஐம்பது ரூபாய் கூட வாங்குங்கள், கொடுக்கிறோம் என்றேன். "நீங்க குடுப்பீங்கக்கா" என்றார். அந்த 'நீங்க'வில் எல்லா வியாபாரக் கணக்கும் இருந்தது. எனக்குப் பதில் இல்லை.

பில் கட்டும்போது அம்மா சமையல்கட்டுக்குள்ளேயே போய்விட்டாள். கிம்ச்சி டப்பாவைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறாள். குனிந்து மோந்து பார்த்தவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். நாறுகிறது என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"உங்கப்பா சட்டை" என்றாள்.

எனக்கும் தெரிந்த வாசனைதான், ஆனால் எனக்கு அது ஞாபகம் வரவில்லை. தொட்டியில் படிகிற கிழங்குப் பாலும், ஒதுக்கிப்போட்ட திப்பியும் புளிக்கிற வாசம். ஆத்தூர் ரோட்டில் பஸ் அந்த ஃபேக்டரிகளைக் கடக்கும்போது எல்லாரும் மூக்கைப் பொத்துவார்களே, அது. அப்பா சட்டையை எத்தனை துவைத்தாலும் காலரில் நிற்கும். கிம்ச்சியைப் புளிக்கவைப்பதும் அதே ஜாதி நுண்ணுயிர்தான் என்று அறிவியல் சொல்லலாம். அம்மா மூடியை இறுக்கி மூடினாள். "இதுல கொஞ்சம் கட்டிக் குடு தம்பி" என்றாள். பார்சலுக்கு அறுபது ரூபாய். மேஜையில் கேட்டால் சும்மா வைப்பது, வெளியே போனால் காசு.

திரும்பி நடக்கும்போது அம்மா, "வாய் ஒரு மாதிரியா இருக்குது" என்றாள். அர்த்தம் எனக்குத் தெரியும். தெருமுனையில் தட்டுவடை செட் வண்டி. மூன்று செட் சொன்னோம். வண்டிக்காரர் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே அம்மா பார்சலைப் பிரித்து, ஒரு கிம்ச்சித் துண்டை எடுத்து, அவர் கேரட் துருவல் வைத்திருந்த வடைமேல் வைத்து, மேல்வடையை அவளே மூடினாள். ஜாடி, உரல், தனித்தனி என்று மாதக்கணக்காக நான் கட்டிய கோட்டை எல்லாம் அந்த இரண்டு வடைக்கு நடுவில் போயிற்று.

"அதென்னம்மா அது?" என்றார் வண்டிக்காரர்.

"கொரியா ஊறுகா. ஒண்ணு சாப்புட்டுப் பாரு."

அவருக்கும் ஒரு துண்டை வைத்துக் கொடுத்தாள். மென்றார். மெதுவாக மென்றார். நாங்கள் மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இது எவ்வளவும்மா?"

"இந்தப் பொட்டலம் அறுபது ரூவா."

"அறுபதா!" என்று சொல்லிவிட்டு, அடுத்த செட்டுக்கு பீட்ரூட்டை எடுத்து வைக்க ஆரம்பித்தார்.